இருபத்திரண்டு பேரில் பதினைந்து பேர்

பிப்ரவரி 3

தங்கைக்கு,

ஆறு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் உனக்குத் தோன்றும். யாரும் போகவில்லை. உன் அண்ணி நன்றாக இருக்கிறாள். நான்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாலு மாதமாகத் தொண்டை கரகரப்பு. கோர்ட்டில் பேர் கூப்பிடுகிறவனுக்குத் தொண்டை கட்டுவது சகஜம்தானே, வெந்நீர் குடித்தால் சரியாகும் என்று விட்டுவிட்டேன். போன மாதம் ஒரு வழக்கில் ஒருவர் பேரை மூன்று தடவை கூப்பிட்டேன். ஆள் வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார், காதில் விழவில்லை. அவருடைய வக்கீல் என் மேல் எகிறிவிட்டார். நீதிபதி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "முதல்ல போய்த் தொண்டையக் காட்டுப்பா, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். காட்டினேன். மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்தார்கள், கொஞ்சம் சதையைக் கிள்ளி எடுத்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். மூன்றாம் கட்டம். கழுத்துக்கு இன்னும் பரவவில்லை என்கிறார்கள்.

டாக்டர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டுக் கழுத்தில் ஓட்டை போடுவது. அது வழியாகத்தான் மூச்சு விடவேண்டும், பேச்சு போய்விடும். இன்னொன்று, மருந்தும் கதிர்வீச்சும், ஏழு வாரம். குரல் மிஞ்சும். "ரெண்டுலயும் ஏறக்குறைய ஒரே பலன்தான். நீங்களே யோசிச்சு பத்து நாள்ல சொல்லுங்க" என்கிறார். அந்த 'ஏறக்குறைய' என்ற வார்த்தைதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நீ புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்க்கிறாய். இந்த நோய் வந்தவர்களில் யார் எந்த வழியில் போனார், யார் எத்தனை வருஷம் இருந்தார் என்று எழுதி வைப்பதுதானே உன் பிழைப்பு. எனக்கு ஆறுதல் வேண்டாம், கோயில் குளம் வேண்டாம். எண் வேண்டும். ஐந்து வருஷம் கழித்து எந்தப் பக்கத்தில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்?

அம்மாவின் ரிப்போர்ட்டை மூன்று வாரம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, வயித்துல புண்ணு" என்று சிரித்துக்கொண்டே சோறு போட்டாயே, அதுபோல இந்தத் தடவை செய்யாதே. போனில் கேட்டிருப்பேன், என் குரல் இப்போது உனக்குப் புரியாது. புரிந்தாலும் சண்டையில்தான் முடியும்.

அண்ணன்


பிப்ரவரி 8

அண்ணா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துத்தான் படித்தேன். படித்ததும் அழுதேன். அழுதுவிட்டு உடனே பதிவேட்டை எடுத்தேன். நீ கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் கட்டத்தில் வந்து குரல்வளையை எடுத்துக்கொண்டவர்கள் எங்கள் பதிவேட்டில் முப்பத்தொரு பேர். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இருபத்தொரு பேர். குரலைக் காப்பாற்றும் வழியில் போனவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் பதினைந்து பேர் உயிரோடு. நூற்றுக்குக் கணக்குப் போட்டால் இரண்டும் அறுபத்தெட்டுதான். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், மூன்றாவது தடவை பக்கத்து மேஜைக்காரரைக் கூட்டச் சொன்னேன்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது எழுதுகிறேன். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், துணி அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் எங்கள் அறை. வாய், நாக்கு, தொண்டை இந்த மூன்றிலும் நோய் வந்து இங்கே பதிந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் வருஷம் ஒருமுறை ஒரு அட்டை அனுப்புவோம். 'நலமாக இருக்கிறேன்', 'சிகிச்சையில் இருக்கிறேன்', 'காலமாகிவிட்டார்' என்று அதில் மூன்று கட்டம் இருக்கும். ஒன்றில் குறியிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அதை வைத்துத்தான் ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கோடு போடுவேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நூற்றுக்கு நாற்பத்தாறு. வருஷா வருஷம் ஏறி இப்போது அறுபத்தெட்டு. எங்கள் தலைமை மருத்துவர் மாநாடுகளில் காட்டுகிற அந்தக் கோடு நான் போட்டது.

எதைத் தேர்ந்தெடு என்று நான் சொல்லமாட்டேன். எண்ணைக் கேட்டாய், கொடுத்துவிட்டேன். ஆனாலும் தங்கையாக ஒரு வரி எழுதுகிறேன். பலன் ஒன்றுதான் என்றால் குரல் இருந்துவிட்டுப் போகட்டுமே.

அம்மா விஷயத்தில் நீ சொன்னது சரி. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்தே ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டேன். அதற்காக அம்மா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் "நீ என் தங்கச்சியே இல்ல" என்று நீ கத்தியதும் எனக்கு மறக்கவில்லை.

தங்கை


பிப்ரவரி 13

தங்கைக்கு,

எண்ணுக்கு நன்றி. இந்த ஊரில் எல்லாரும் என்னைக் குழந்தை மாதிரி நடத்துகிறார்கள். உன் அண்ணி ஒரு படி மேலே போய், மற்றவர்களிடம் பேசும்போதே என்னைப் பார்த்து "அவருக்கு லேசா தொண்டையில சதை" என்கிறாள். நீ ஒருத்திதான் நூற்றுக்கு அறுபத்தெட்டு என்று பட்டென்று சொன்னாய்.

குரலை வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "ஏன் இதுன்னு கேக்கலாமா?" என்றார். "இருபத்திரண்டு பேர்ல பதினஞ்சு பேர் இருக்காங்க சார், பதினாறாவதா நான் சேந்துக்கறேன்" என்றேன். எங்கே கிடைத்தது என்று கேட்டார். என் தங்கை கொடுத்தது என்றேன். இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

முப்பது வருஷமாக மற்றவர்கள் பேரைக் கூவியே சோறு தின்றவன் நான். ஊமையாகத் திரும்பிப் போய் அந்தப் படியில் நிற்க என்னால் முடியாது.

வராந்தாவில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் கத்தாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன்


மே 21

தங்கைக்கு,

ஏழு வாரம் முடிந்தது. கதிர்வீச்சைக் கரண்ட் வைப்பது என்று சனங்கள் சொல்வதைக் கேட்டு ஏதோ சுருக்கென்று இருக்கும் என்று நினைத்தேன். வைக்கும்போது ஒன்றுமே தெரிவதில்லை. முகத்துக்கு அளவெடுத்து ஒரு வலைமூடி செய்து, அதை மாட்டி என்னை மேஜையோடு திருகி வைத்துவிடுவார்கள். பத்து நிமிஷம். பேர் கூப்பிட்டால் உள்ளே போகவேண்டும். அங்கே கூப்பிடுகிற பெண்ணுக்குக் கூப்பிடத் தெரியவில்லை, பாதிப் பேரை விழுங்குகிறாள். எழுந்து போய்ச் சொல்லிக் கொடுக்கலாமா என்று கை துறுதுறுத்தது.

நான்காவது வாரத்திலிருந்துதான் வதை. வாய்க்குள் முழுக்கப் புண். எச்சில் விழுங்குவது கண்ணாடித் துண்டை விழுங்குவது போல இருந்தது. மூக்கில் குழாய் போட்டுத்தான் கஞ்சி. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. உன் அண்ணி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாள், வாசனை எனக்கு வரக்கூடாதாம். எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

நேற்று குழாயை எடுத்தார்கள். முதல் வார்த்தை என்ன சொல்வது என்று யோசித்து, கடைசியில் "தண்ணி" என்றேன். குரல் வந்தது.

அண்ணன்


ஜூன் 2

அண்ணா,

அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரருக்கும் படித்துக் காட்டினேன். நேற்று சுரைக்காய் வாங்கினேன், கத்தரிக்காய் வாங்கினேன், எல்லாவற்றையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

ஒன்று மட்டும். மாதம் ஒருமுறை குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடாதே. அண்ணிக்கு என் அன்பு. நான் வந்து பார்க்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். நீயாகக் கூப்பிடும் வரைக்கும் வரமாட்டேன்.

தங்கை


செப்டம்பர் 14

தங்கைக்கு,

மறுபடியும் கோர்ட்டுப் படியில் நிற்கிறேன். முதல் நாள் வக்கீல்கள் எல்லாம் வெளியே வந்து நின்றார்கள், நான் கூப்பிடுவதைக் கேட்க. பழைய கனம் இல்லை, கொஞ்சம் உடைகிறது. ஆனாலும் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றவன் ஓடி வந்தான். அன்று என் மேல் எகிறிய வக்கீல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜூனிலும் ஜூலையிலும் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சுத்தமாக இருக்கிறது என்றார்கள். ஆகஸ்டில் போகவில்லை. அவர்கள் பார்ப்பது திங்கள்கிழமை, எங்களுக்கும் திங்கள்தான் வழக்கு அதிகம். போய் நாள் முழுக்க உட்கார்ந்து, அந்தக் குழாயை மூக்கில் வாங்கிக்கொண்டு, 'ஒன்றுமில்லை' என்று கேட்பதற்கு எதற்கு ஒரு நாள் சம்பளம். நான்தான் உன் பதினைந்து பேர் கட்சியில் சேர்ந்துவிட்டேனே.

பொங்கிப் போட ஆள் இருக்கிறது, சாப்பிட வாயும் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வா.

அண்ணன்


செப்டம்பர் 22

அண்ணா,

நீ கூப்பிட்டதற்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. இப்போது வர முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வேலை வந்திருக்கிறது. முடித்துவிட்டு வருகிறேன்.

இந்தத் திங்கட்கிழமை போய்த் தொண்டையைக் காட்டு. தயவுசெய்து. சம்பளம் போனால் போகிறது.

தங்கை


அக்டோபர் 5

தங்கைக்கு,

தந்தி அடிக்கிறவள் மாதிரி எழுதுகிறாய். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குகிற ஆபீஸா அது? எண்ணைக் கொடுத்தவளே இப்போது நடுங்கினால் எப்படி. அம்மா மாதிரியே ஆகிவிட்டாய், மழை வந்தால் கொடியில் துணி, வெயில் வந்தால் கூரையில் தீ என்று எதற்காவது கவலை.

இங்கே மழை. எல்லாருக்கும் சளி, எனக்கும் தொண்டை கட்டியிருக்கிறது. உன் அண்ணி உப்புத்தண்ணீர் கொப்புளிக்க வைக்கிறாள். இந்த மாதம் ஒரு பெரிய வழக்கு, நூற்றுப்பத்து சாட்சிகள், அத்தனை பேரையும் நான்தான் கூப்பிட வேண்டும். முடிந்ததும் போகிறேன், சரிதானா?

அண்ணன்


நவம்பர் 15

அண்ணா,

இந்தக் கடிதத்தை இரண்டு மாதமாக எழுதாமல் வைத்திருந்தேன். முழுவதும் படி. கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி.

செப்டம்பர் பதினேழாம் தேதி ஒரு அம்மாள் எங்கள் அறைக்கு வந்தார். தையல்காரர். கையில் நாங்கள் அனுப்பிய அட்டைகள், ஆறு வருஷத்து அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். "இனிமே இத அனுப்பாதீங்கம்மா. அவரு போயி ஆறு வருஷமாச்சு. வருஷா வருஷம் நல்லா இருக்கீங்களான்னு கேட்டு அவரு பேருக்கே வருது. ஒவ்வொரு தடவையும் அந்த மூணாவது கட்டத்துல குறி போடணும்னு பேனாவ எடுப்பேன். கை வரல" என்றார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். குரலைக் காப்பாற்றிக்கொண்ட இருபத்திரண்டு பேரில் அவர் கணவரும் ஒருவர். உயிரோடு இருக்கும் பதினைந்து பேரில் ஒருவராக அவரை எழுதி வைத்திருந்தேன்.

எப்படி என்று சொல்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அறையில் இந்தப் பதிவேட்டை இரண்டு பேர் பார்த்தோம். ஒருவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பதில் வராதவர்களைத் தேடிப் போய் விசாரிப்பது அவர் வேலை. அது நின்றுபோனது. அந்த வருஷம் அறிக்கை கொடுக்கும் நாள் நெருங்கியபோது பதில் வராத அட்டைகளை என்ன செய்வது என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "நீயே ஏதாவது ஒரு வழி பண்ணு" என்றார். தபால்காரர் 'ஆள் இல்லை' என்று திருப்பிய அட்டைகளைத் தனியாக வைத்தேன். திரும்பியும் வராமல் பதிலும் வராமல் போனவற்றுக்கு, உயிரோடு இருக்கிறார் என்று குறியிட்டேன். செத்துப்போயிருந்தால் வீட்டுக்காரர்கள் சொல்லமாட்டார்களா, நன்றாக இருக்கிறவன்தான் ஆஸ்பத்திரியை மறப்பான் என்று நினைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. அந்த வழி நான் கண்டுபிடித்தது. அதற்கு அப்புறம்தான் கோடு மேலே ஏறத் தொடங்கியது, நானும் சந்தோஷமாக ஏற்றிக்கொண்டே போனேன்.

உன் பதினைந்து பேரில் பதில் போட்டவர்கள் ஆறு பேர். மிச்சம் ஒன்பது பேர் நான் உயிர் கொடுத்தவர்கள். அந்த ஒன்பது வீட்டையும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேடிப் போனேன். வீடு மாறிப் போனவர்களை இரண்டு மூன்று தெரு கேட்டுக் கேட்டுப் போய்ப் பார்த்தேன். கடைசி வீடு போன ஞாயிறு. ஏழு பேர் ஐந்து வருஷம் முடிவதற்கு முன்பே போய்விட்டார்கள். இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆகவே பதினைந்து இல்லை அண்ணா. இருபத்திரண்டு பேரில் எட்டு.

குரல்வளையை எடுத்துக்கொண்டவர்களின் எண் சரியானதுதான். கழுத்து ஓட்டையில் இருக்கும் குழாயை மாற்ற அவர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை இங்கே வந்தே ஆகவேண்டும். அவர்களைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறேன். குரல் மிஞ்சியவர்களுக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை, வரவில்லை. ஏழு வீட்டிலும் இதையே சொன்னார்கள், ஆறாம் மாதம், எட்டாம் மாதம் நோய் திரும்பி வந்திருக்கிறது, சளி என்று விட்டிருக்கிறார்கள். அந்தச் சிகிச்சை தப்பு என்று நான் சொல்லவில்லை, சொல்லும் படிப்பும் எனக்கில்லை. அதன் பிறகு மாதாமாதம் பார்த்தால் திரும்பி வந்தாலும் சீக்கிரம் வெட்டி எடுத்துவிடலாம் என்று இங்கே டாக்டர் சொல்கிறார். அவர்களை யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் பதினேழாம் தேதியே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுபடியும் தப்பான எண்ணைக் கொடுக்கக்கூடாது, ஒன்பது பேரையும் பார்த்து முடித்துச் சரியான எண்ணோடு எழுதவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று நீ எழுதியபோது இன்னும் ஐந்து வீடு பாக்கி இருந்தது. அன்றே பஸ் ஏறியிருக்க வேண்டும். நான் ஐந்தாவது வீட்டுக்குப் போனேன்.

நாளைக்கே போ. வழக்கு எக்கேடு கெட்டாலும் போ.

தங்கை


நவம்பர் 27

திங்கட்கிழமை போனேன். திரும்பி வந்திருக்கிறது. இந்தத் தடவை கழுத்திலும் கட்டி. டாக்டர் விரல் வைத்து அமுக்கிவிட்டு, "எத்தனை நாளா தொண்டை இப்படி இருக்கு?" என்றார். அக்டோபர் முதலிலிருந்து என்றேன். "ஏன் வரல?" என்றார். என்ன சொல்வது? பதினைந்து பேரில் ஒருத்தன் என்று சொல்வதா?

குரல்வளையை எடுக்க வேண்டும். கழுத்தையும் திறக்க வேண்டும். இங்கே செய்ய மாட்டார்களாம், உங்கள் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். டிசம்பர் பதினொன்று.

எங்கள் கோர்ட்டில் ஒருத்தனை மூன்று தடவை கூப்பிட்டு ஆள் வரவில்லை என்றால் ஆஜராகவில்லை என்று எழுதுவார்கள். மூன்றாவது வகுப்பு படித்தவனுக்கும் இது தெரியும். நீ பட்டம் வாங்கினவள். பதில் சொல்லாதவனை எல்லாம் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். எட்டு வருஷம். அதைத் தலைமை மருத்துவர் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டியிருக்கிறார், கைதட்டி இருக்கிறார்கள்.

அது கூடப் போகட்டும். தப்பு எல்லாருக்கும் வரும். தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்தாயே. அம்மாவுக்கு மூன்று வாரம். எனக்கு எட்டு வாரம். நீ திருந்தவே மாட்டாயா?

எண் தெரிந்திருந்தால் பிப்ரவரியிலேயே வெட்டிக் கொடுத்திருப்பேன். அதனால் ஒன்றும் மாறியிருக்காது என்று உன் அண்ணி உனக்கு எழுதக்கூடும், அவள் மனசு அப்படி. நம்பாதே. வெட்டிக் கொடுத்திருப்பேன்.

ஆபரேஷனுக்கு நீ வர வேண்டாம்.


டிசம்பர் 3

அண்ணா,

நீ எழுதியது ஒவ்வொரு வரியும் சரி. ஆனால் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ கொடுக்கவேண்டியிருக்கும், இப்போது உன் தலையில் அந்தப் பாரம் வேறு எதற்கு.

என்ன செய்தேன் என்று மட்டும் எழுதுகிறேன். சரியான எண்களைத் தலைமை மருத்துவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஜனவரியில மாநாடு இருக்கு. அது முடியட்டும், அப்புறம் நிதானமா திருத்தலாம்" என்றார். அதற்குள் எத்தனை பேருக்கு 'ஏறக்குறைய' என்று சொல்வார்கள் சார் என்று கேட்டேன். அவர் தாளை என் பக்கமே தள்ளி வைத்தார். நான் அந்த ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து, வாய், தொண்டை பார்க்கிற பதினான்கு டாக்டர்களின் மேஜையிலும் வைத்துவிட்டேன். கீழே என் பேரை எழுதி, தப்பு என்னுடையது என்றும் எழுதினேன். ஒன்பது பேரைத்தான் இதுவரை தேடியிருக்கிறேன். வாய்க்கும் நாக்குக்கும் சேர்த்துப் பதில் வராத அட்டைகள் இன்னும் அறுநூற்று நாற்பது இருக்கின்றன. அவற்றைத் தேடினால் கோடு எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. நேற்று என்னைச் சீட்டுக் கொடுக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

வர வேண்டாம் என்றாய். நான் வேலை செய்கிற கட்டடத்துக்கு நீதான் வருகிறாய். உன் கண்ணில் படமாட்டேன். மூன்றாம் மாடி ஆபரேஷன் அறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சில் இருப்பேன்.

தங்கை


ஜனவரி 24

தங்கைக்கு,

இனி என்னிடமிருந்து வருவதெல்லாம் எழுத்துதான். கழுத்தில் ஓட்டை. அதில் குழாய். இருமினால் அது வழியாகத் தெறிக்கிறது, முன்னால் உட்கார்ந்திருப்பவர் பாவம். சிலேட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். உன் அண்ணியோடு சண்டை போடுவது நின்றுவிட்டது. நான் எழுதி முடிப்பதற்குள் அவள் கோபம் தீர்ந்து எழுந்து போய்விடுகிறாள்.

ஆபரேஷன் நடந்த ஒன்பது மணி நேரமும் நீ அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை என்றாள். அவள் கொடுத்த ரொட்டியைக்கூட வாங்கவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. பட்டினி கிடந்து யாரைக் கரையேற்றப் போகிறாய்?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். காலையில் எழுந்ததும் ஒரு தடவை உன் மேல் ஆத்திரம் வருகிறது. கஞ்சி குடிக்கும்போது அடங்குகிறது. சாயங்காலம் உன்னைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. இப்படித்தான் என் பொழுது போகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கழுத்துக் காயம் ஆறவில்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தடிப்பு. போன வாரம் அங்கே வந்திருந்தோம், உனக்குச் சொல்லவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, உன் அண்ணியை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். அவள் உள்ளே வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாள். "காயம் ஆற நாளாகுமாம், வேற ஒண்ணும் இல்ல" என்றாள். அந்தச் சிரிப்பை நான் முன்னால் பார்த்திருக்கிறேன். சோறு போடும்போது உன் முகத்தில்.

அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவளால் முடியாது. வருகிறவர் போகிறவர் எல்லாம் நல்லா தேறிட்டீங்க என்கிறார்கள், நான் சிலேட்டில் நன்றி என்று எழுதிக் காட்டுகிறேன். எனக்கு எழுதிவைக்க வேண்டியது, யாரையாவது பார்க்க வேண்டியது இருக்கிறது. எத்தனை நாள் என்று தெரியாமல் எதிலிருந்து தொடங்குவது?

அந்த டாக்டர் உன் கட்டடத்தில்தான் இருக்கிறார். போய்க் கேள். கேட்டுவிட்டு எனக்குச் சொல். நீதான் சொல்ல வேண்டும். உனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் உன்னிடம் கேட்கிறேன். இந்தத் தடவை அன்றைக்கே சொல்.

அண்ணன்


ஜனவரி 27

அண்ணா,

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. பதினொன்றரைக்கு டாக்டரைப் பார்த்தேன்.

"எங்கிட்ட ஏன் கேக்கறீங்க, அவங்க மனைவிகிட்ட சொல்லியிருக்கேனே" என்றார். அவருக்குத் தெரியவேண்டும் என்றேன். உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். அப்புறம் ஒளிக்காமல் சொன்னார்.

நோய் மறுபடியும் வந்திருக்கிறது. கழுத்தின் பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இனி வெட்ட முடியாது. கதிர்வீச்சும் மறுபடி வைக்க முடியாது. ஆறு வாரம். உடம்பு தாங்கினால் பத்து. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். முதல் மூன்று வாரம் நீ எழுந்து நடமாடலாம், எழுதலாம், ஆட்களைப் பார்க்கலாம். அதனால் செய்யவேண்டியதை எல்லாம் இப்போதே தொடங்கு.

வலிக்கு மருந்து எழுதி வாங்கியிருக்கிறேன், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும் வரை காத்திருக்கக் கூடாது. இன்னொன்றும் சொன்னார். அந்த ரத்தக் குழாய் ஒருநாள் கிழிந்துவிடலாம். கிழிந்தால் சில நிமிஷம்தான், மயக்கம் வந்துவிடும், வலி இருக்காது. பக்கத்தில் கறுப்புத் துண்டு வைத்திருக்கச் சொன்னார், வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோய்விடுவார்களாம். கடைக்குப் போய் நாலு வாங்கினேன். அண்ணியிடம் எதற்கு என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

சீட்டுக் கொடுக்கிற இடத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். தருவார்களா என்று பார்க்கவில்லை. இதைப் பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு மணி பஸ், ஏழு மணிக்கு உன் ஊர். தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும், அதனால் கையிலேயே கொண்டுவருகிறேன்.

நேரில் வருகிறவள் எதற்கு எழுதிக்கொண்டு வருகிறாள் என்று கேட்பாய். உன் முகத்தைப் பார்த்தால் என் வாய் ஆறு வாரத்தை ஆறு மாதம் ஆக்கிவிடும், எனக்கு என்னைத் தெரியும். அதனால் உள்ளே வந்ததும் வேறு எதுவும் பேசாமல் இதை முதலில் உன் கையில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு உனக்கு என்ன கேட்கவேண்டுமோ சிலேட்டில் எழுது, எழுதியதற்கெல்லாம் உள்ளபடி பதில் சொல்கிறேன்.

தங்கை